வாசகர் கேள்வி - பதில்: அலை, பனி, பிளம் பூ… ஜப்பானிய மாதிரிப் புத்தகங்கள்

போன இதழில், மரக்கட்டையில் அச்சான ஜப்பானியத் துணி மாதிரிப் புத்தகங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அலை, மூங்கில், பனி, பறவை என்று இயற்கையில் உள்ளதை எடுத்து, ஜப்பானியரின் மரபு உடையான கிமோனோவுக்கான வேலைப்பாடாக மாற்றிக் காட்டும் புத்தகங்கள் அவை. படித்துவிட்டு நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். பல வருஷம் துணிக்கு டிசைன் வரைந்து, பிறகு அதையே சொல்லிக்கொடுக்க வந்தவள் நான். இந்தப் பக்கங்களைப் பற்றிப் பேசச் சொன்னால் எனக்கு நேரம் போவதே தெரியாது. அதனால் இந்தத் தடவை வேறு கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி (ஜவுளி வடிவமைப்பு படிக்கும் மாணவி): நீங்கள் எழுதியதைப் பார்த்துவிட்டு இணையத்தில் அலைகள் மட்டுமே உள்ள ஒரு ஜப்பானியப் புத்தகத்தைப் புரட்டினேன். அந்த மரக்கட்டைகளை அப்படியே துணியில் பதித்துத்தான் கிமோனோ செய்தார்களா?

இல்லைம்மா. அந்தக் கட்டைகள் பதிந்தது காகிதத்தில். காகிதம் புத்தகமாகி, சாயப்பட்டறைக்கும் நெசவாளர் வீட்டுக்கும் அரக்கு வேலை, உலோக வேலை செய்பவர்களிடமும் போனது. அவரவர் அதை விரித்து வைத்துக்கொண்டு தங்கள் பொருளுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள்.

நீங்கள் பார்த்தது மோரி யூஸான் 1903இல் வெளியிட்ட 'ஹமோன்ஷூ'வாக இருக்க வேண்டும். மூன்று தொகுதி, பக்கத்துக்குப் பக்கம் தண்ணீர்தான். ஓரிடத்தில் நுரை கொக்கி கொக்கியாக வளைந்து நிற்கும். இன்னோரிடத்தில் நுரையே கிடையாது, ஒன்றையொன்று தொடாமல் நெளிந்து போகும் கோடுகள் மட்டும். நிறம் இல்லாததால் ஏதோ குறைகிறது என்று நினைத்துவிடாதீர்கள். கோடு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிந்து நின்றுபோகிறது என்பதை மட்டும் விரலால் பின்தொடர்ந்து பாருங்கள். அலை எந்தப் பக்கம் சாய்கிறது, எங்கே உடையப் போகிறது என்று அந்தத் தடிப்பும் மெலிவுமே சொல்லிவிடும். இதே கோட்டை வாள் உறையிலும் இழைக்கலாம், பட்டிலும் இழுக்கலாம்.

துணிக்குச் சாயம் ஏறிய முக்கிய வழிகள் இரண்டு. ஒன்று யூஸென். கூம்பாகச் சுருட்டிய உறையில் அரிசிப் பசையை நிரப்பி, அதன் முனையிலுள்ள சிறு உலோக மூக்கு வழியாகப் பிதுக்கிக்கொண்டே பட்டின்மேல் கோடு போடுவார்கள். பசை காய்ந்ததும் கோட்டுக்குள்ளே தூரிகையால் சாயம். பசை இருக்கும் இடத்தைச் சாயம் தாண்டாது. எல்லாம் முடிந்து, ஆவி கட்டி, அலசினால் பசை போய்விடும்; நிறத்துக்கும் நிறத்துக்கும் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு நிற்கும். ஒரு காலத்தில், பழைய தலைநகரான கியோட்டோவில் இந்த அலசலைக் காமோ ஆற்றிலேயே செய்தார்கள். இரண்டாவது வழி காகித ஸ்டென்சில், அதாவது வேலைப்பாட்டைத் துளையாக வெட்டிய காகிதத்தைத் துணிமேல் வைத்துப் பசை தடவுவது. அதைத் தனியாகக் கேட்டு ஒரு கடிதம் வந்திருக்கிறது, கீழே சொல்கிறேன்.

கேள்வி (பழைய புத்தகங்கள் சேகரிக்கும் வாசகர்): இந்த வகைப் புத்தகத்துக்கு எவ்வளவு வயசு? வண்ணம் போட்டு அச்சிடத் தெரியாத காலத்தில் துணி மாதிரியை எப்படிக் காட்டினார்கள்?

முதல் புத்தகங்கள் 1660களில் வந்துவிட்டன. 'ஹினகாதா' என்பார்கள். ஆரம்பத்தில் வந்த ஒன்றில் ஏறக்குறைய 200 மாதிரிகள் இருந்தன. வண்ணம் கிடையாது, வெறும் கறுப்புக் கோடு. பக்கத்துக்கு ஓர் உடை, அதுவும் முதுகுப்பக்கம். கைகளை விரித்துத் தொங்கவிட்டது மாதிரி அந்த உடையின் கோட்டுருவம் இருக்கும், அதற்குள் வேலைப்பாடு. கிமோனோவுக்கு முன்பக்கம் மடிப்பும் இடைக்கச்சையுமாக உடைந்துபோகும். முதுகில்தான் ஒரு படத்தை முழுசாக விரிக்க இடம் கிடைக்கும்.

நிறத்தை எழுத்தில் சொன்னார்கள். தரை இன்ன நிறம், இந்தப் பூ முடிச்சுச் சாயம், இது தையல் வேலை என்று படத்தின் ஓரத்தில் குறிப்பு இருக்கும். வாங்க வந்தவர் படத்தைப் பார்த்து, குறிப்பைப் படித்து, மனசுக்குள் நிறம் போட்டுப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுத்திருக்க வேண்டும்.

அந்தக் காலத்துப் பக்கங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அவற்றின் துணிச்சல். வலது தோளிலிருந்து ஒரு பெரிய அலையோ செவ்வந்தியோ கிளம்பி, வலது விளிம்போடு இறங்கி, கீழே இடப்பக்கம் சுழித்துக்கொண்டு போகும். இடது இடுப்புப் பக்கம் ஒன்றுமே இருக்காது. அந்தக் காலியிடத்தை நிரப்ப யாருக்கும் கை துறுதுறுக்கவில்லை பாருங்கள்.

அப்புறம் 1683இல் அரசு, தங்க இழைத் தையலுக்கும் உடல் முழுக்க முடிச்சுச் சாயம் போடுவதற்கும் தடை விதித்தது. ஆடம்பரத்தை அடக்க வந்த உத்தரவு. விலை உயர்ந்த வேலைப்பாட்டை விட்டுவிட்டு, வரைந்தே அழகு சேர்க்கும் வழிக்கு அது கதவைத் திறந்துவிட்டது. அந்த நேரத்தில் கியோட்டோவில் விசிறிகளில் ஓவியம் வரைந்து பேர் வாங்கியிருந்தவர் மியாஸாகி யூஸென்ஸாய். மேலே சொன்ன யூஸென் சாயமுறைக்கு அவர் பேர்தான். 1688இலேயே அவர் பாணிக்கென்று ஒரு மாதிரிப் புத்தகம் அச்சாகிவிட்டது.

கேள்வி (அச்சகத்தில் வேலை பார்த்த வாசகர்): ஒரே பக்கத்தில் ஆறேழு நிறம். எந்திரம் இல்லை. நிறம் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் எப்படி ஐயா பதிந்தது?

ஐயா இல்லை, அம்மா. நல்ல கேள்வி, அச்சு வேலை தெரிந்தவரின் கேள்வி.

ஓவியர் மெல்லிய காகிதத்தில் மையால் வரைந்து கொடுப்பார். அதைக் குப்புறக் கவிழ்த்து மலைச்செர்ரிப் பலகையில் ஒட்டுவார்கள். செர்ரி ஏனென்றால், இழை நெருக்கமானது. மயிரிழைக் கோடும் உடையாமல் நிற்கும், நூற்றுக்கணக்கில் பிரதி எடுத்தாலும் தேயாது. செதுக்குபவர் கோடுகளை நிற்கவிட்டு மற்றதை எடுத்துவிடுவார். ஓவியர் வரைந்த மூலம் அதோடு போய்விடும். அந்தக் கோட்டுக் கட்டையில் பிரதிகள் எடுத்து, எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று குறித்து, நிறத்துக்கு ஒரு கட்டை செதுக்குவார்கள்.

எல்லாக் கட்டையிலும் ஒரே இடத்தில் இரண்டு அடையாளங்கள் இருக்கும். ஒரு மூலையில் 'ட' வடிவத்தில் ஒரு சிறு வெட்டு, அதே விளிம்பில் கொஞ்சம் தள்ளி நேராக இன்னொரு வெட்டு. காகிதத்தின் மூலை முதலாவதில் உட்கார வேண்டும், ஓரம் இரண்டாவதைத் தொட வேண்டும். இதற்குக் 'கென்தோ' என்று பேர். அவ்வளவுதான் ஏற்பாடு. ஆனால் காகிதம் ஈரமாக இருக்கும். ஈரம் ஏறினால் விரியும், காய்ந்தால் சுருங்கும். ஆகவே முதல் நிறத்திலிருந்து கடைசி நிறம் வரை எல்லாத் தாள்களையும் ஒரே ஈரத்தில் வைத்திருக்க வேண்டும். அச்சிடுபவரின் பாதித் திறமை இந்த ஈரத்தில்தான் இருக்கிறது.

நிறம் தண்ணீரில் கரைத்தது, கூடவே கொஞ்சம் அரிசிப் பசை. கட்டையில் தூரிகையால் தடவி, காகிதத்தை வைத்து, அதன் முதுகில் 'பாரென்' என்ற வட்டமான கருவியால் தேய்ப்பார்கள். மூங்கில் குருத்தை உரித்த நாரை முறுக்கிச் சுருளாக்கி, மூங்கில் மடலால் இறுக்கிக் கட்டிய தட்டு அது. நிறம் காகிதத்தின் மேலே உட்காராமல் உள்ளே இறங்குவது இந்தத் தேய்ப்பினால்தான். கட்டையை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, தூரிகையின் ஒரு ஓரத்தில் மட்டும் நிறம் எடுத்துத் தடவினால், அடர்த்தியிலிருந்து ஒன்றுமில்லாதது வரை நிறம் கரையும். விடியற்கால வானத்தை அப்படித்தான் செய்தார்கள். நிறமே தடவாமல் அழுத்தித் தேய்த்து, பனியின் புடைப்பை மட்டும் காகிதத்தில் கொண்டுவருவதும் உண்டு. பார்வைக்கு வெள்ளை, சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்.

1900ஐ ஒட்டி வந்த மாதிரிப் புத்தகங்களில் இன்னொரு சிரமமும் சேர்ந்துகொண்டது. பல பக்கங்களில் கறுப்பு ஓரக்கோடே கிடையாது. பச்சையும் நீலமும் நேருக்கு நேர் தொட்டு நிற்கும். ஓரக்கோடு இருந்தால் சின்ன விலகலை அது மறைத்துவிடும்; இங்கே மறைக்க ஒன்றும் இல்லை. அதனால்தான் அந்தப் பக்கங்களைப் பார்க்கும்போதெல்லாம் ஓவியரை மட்டும் பாராட்டிவிட்டுப் போக எனக்கு மனசு வருவதில்லை. செதுக்கியவரும் தேய்த்தவரும் பேர் போடாமலே அதில் இருக்கிறார்கள்.

கேள்வி (ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்): பிளம் பூவுக்கு இதழ்கூடப் பிரிக்காமல் ஒரு வட்டத் திட்டாக வரைகிறார்கள். மாணவர்களிடம் 'நன்றாகப் பார்த்து வரையுங்கள்' என்று சொல்லி வந்தவன் நான். இது பார்க்காமல் வரைந்ததா?

ரொம்பப் பார்த்துவிட்டு வரைந்தது, ஐயா. உங்கள் கேள்விக்குத்தான் இந்த இதழிலேயே நீளமாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

அந்தப் பூவுக்குப் பின்னால் இருப்பவர் ஒகாடா கோரின் (1658–1716). கியோட்டோவில் கரிகனேயா என்ற பட்டுத் துணிக்கடைக் குடும்பத்தில் பிறந்தவர். பேரரசரின் துணைவி தோஃபுகுமோன்இன் வாடிக்கை வைத்திருந்த கடை. துணிச் சுருள்களுக்கும் மாதிரி வரைபடங்களுக்கும் நடுவே வளர்ந்த பிள்ளை. அவர் வரைந்த வெள்ளை, சிவப்புப் பிளம் மரங்களின் இரட்டைத் திரை அதாமி நகரிலுள்ள எம்ஓஏ கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடுவில் கருமையான ஓர் ஆறு, அதன் உடம்பெல்லாம் சுருள் சுருளான நீர்க்கோடுகள். இரண்டு பக்கமும் மரங்கள். மரத்தின் பட்டையில் பாசி படர்ந்ததுகூடத் தெரியும், மை ஈரமாக இருக்கும்போதே இன்னொரு நிறத்தைச் சொட்டவிட்டுச் செய்தது. ஆனால் பூவில் மட்டும் கோடு இல்லை. ஐந்து மேடு உள்ள ஒரு திட்டு, நடுவில் கொஞ்சம் மகரந்தம். அந்த மரப்பட்டையை வரையத் தெரிந்தவருக்கு இதழ் பிரிக்கத் தெரியாதா?

அவர் பிரிக்க வேண்டாம் என்று முடிவு செய்தார். கொஞ்சம் தள்ளி நின்று பிளம் மரத்தைப் பார்த்தால் கண்ணில் படுவது இதழ் இல்லை, கிளையில் ஒட்டிய உருண்டை நிறம்தான். கிளையின் கோணலும், மொட்டுக்கும் மலர்ந்த பூவுக்கும் உள்ள அளவு வித்தியாசமும் சரியாக இருந்தால் போதும், பிளம் என்று எவரும் சொல்லிவிடுவார்கள். எதை எடுத்தால் அந்தச் செடி செடியாக இல்லாமல் போகுமோ அதை மட்டும் வைத்துக்கொள்வது, மற்றதை விடுவது. இந்த முடிவை எடுக்க, சாதாரணமாக வரைவதற்குப் பார்ப்பதைவிட அதிகமாகப் பார்த்திருக்க வேண்டும்.

துணிக்காரருக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒவ்வொரு கோடும் ஒரு பசைக்கோடு. ஒவ்வொரு நிறமும் ஒரு தனி வேலை. உடுத்தி நடக்கும்போது துணி மடிந்து மடிந்து நகரும். நுணுக்கமாகப் பிரித்த இதழெல்லாம் அந்த மடிப்பில் கலங்கிப் போய்விடும். திட்டு நிற்கும். கோரின் இறந்த பிறகும் பல வருஷம், 'கோரின் பிளம்', 'கோரின் அலை' என்று அவர் பாணியிலேயே மாதிரிப் புத்தகங்கள் வந்துகொண்டிருந்தன. கடைக்காரர்களுக்கு அது விற்றது, சாயக்காரர்களுக்கு அது கைக்கு வந்தது.

இருநூறு வருஷம் கழித்து, அதே கியோட்டோவில் ஃபுருயா கோரின் (1875–1910) என்று ஒருவர். பேர் ஒன்றுபோலக் கேட்டாலும் வேறு ஆள். இவர் மூங்கிலுக்கு ஒரு புத்தகம், பைன் மரத்துக்கு ஒரு புத்தகம் என்று போட்டார். இவருடைய ஆசான் கமிஸாகா செக்கா (1866–1942) 1904இல் வண்ணத்துப்பூச்சிகளுக்கென்றே இரண்டு தொகுதி கொண்டுவந்தார். ஒரே பொருளை எடுத்துக்கொண்டு பக்கம் பக்கமாக, ஒவ்வொரு தடவையும் வேறு எதையாவது விட்டுப் பார்ப்பது. ஒரு பக்கத்தில் இறக்கையின் நிறத்தை விட்டுக் கோட்டை வைப்பது, அடுத்ததில் கோட்டை விட்டு நிறத்தை வைப்பது, இன்னொன்றில் அது பூச்சிதானா என்று சந்தேகம் வரும் அளவுக்குக் குறைப்பது.

'நன்றாகப் பார்த்து வரையுங்கள்' என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தது வீண் இல்லை, ஐயா. அதற்கு அடுத்த பாடம் இது. ஒரு மூங்கில் இலையைப் பார்த்து முழுசாக வரையட்டும். பிறகு அதே இலையைப் பாதிக் கோட்டில், அப்புறம் அதிலும் பாதியில். எந்த இடத்தில் அது வெறும் கத்தியாகத் தெரிய ஆரம்பிக்கிறதோ, அதற்கு ஒரு படி முன்னால் நிறுத்தச் சொல்லுங்கள். என் வகுப்பில் பிள்ளைகள் சத்தம் போட்டு வாதாடிய பயிற்சி இது. எந்தப் படியில் நிறுத்துவது என்று இரண்டு பேருக்கு ஒத்துப்போகாது.

கேள்வி (ஒரு இல்லத்தரசி): பனித்துகள் ஆறு முனையோடு இருப்பது கண்ணுக்குத் தெரியாதே. பழைய ஜப்பானியத் துணியில் அது எப்படி வந்தது?

ஒரு பிரபு நுண்ணோக்கியில் பார்த்து வரைந்தார், அதனால் வந்தது! கோகா என்ற இடத்தை ஆண்ட தோயி தோஷித்சுரா. டச்சுக்காரர்கள் வழியாக ஜப்பானுக்கு வந்த நுண்ணோக்கி அவரிடம் இருந்தது. பனி விழும் நாளில் கறுப்புத் துணியை வெளியே வைத்துக் குளிரவிட்டு, அதில் பனியை ஏந்தி, மூச்சுக்காற்று படாமல் எடுத்துப் பார்த்து வரைந்தார். அப்படிச் சேர்த்த 86 வடிவங்களை 1832இல் மரக்கட்டையில் அச்சிட்டுப் புத்தகமாக்கினார். அது ஆராய்ச்சிக் குறிப்பு, துணிக்காக எழுதியது இல்லை. ஆனால் அதிலிருந்த வடிவங்கள் வெளியே பரவி, கொஞ்ச காலத்திலேயே கிமோனோவிலும் தேநீர்க் கிண்ணத்திலும் ஏறிவிட்டன. அவருடைய பதவிப் பேரான 'ஓயி'யைச் சேர்த்து 'ஓயி மாதிரி' என்றே சொன்னார்கள்.

அதற்கு முன்னாலும் துணியில் பனி உண்டு. ஆறு குழிவு கொண்ட ஒரு வட்டம். உள்ளே பூவோ புல்லோ வைத்து நிரப்புவார்கள். நுண்ணோக்கி வந்த பிறகும் அந்தப் பழைய வட்டம் போய்விடவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தன.

இன்னொன்று. பனி வேலைப்பாட்டைக் கோடைக்காலத்து உடையிலும் போடுவார்கள். புழுக்கத்தில் பார்ப்பவர் கண்ணுக்குக் குளிர்ச்சி. செர்ரிப் பூவை, மரம் பூப்பதற்குச் சற்று முன்னாலேயே உடுத்திவிட வேண்டும் என்ற வழக்கமும் இருக்கிறது. நிஜ மரம் பூத்த பிறகு அதோடு போட்டி போடக்கூடாதாம். எனக்கு இந்த மரியாதை ரொம்பப் பிடிக்கும்.

கேள்வி (வரலாறு படிக்கும் மாணவர்): மாதிரிப் புத்தகங்கள் 1900 வாக்கில் திடீரென்று பெருகக் காரணம் என்ன? ஏன் கியோட்டோ?

1868க்குப் பிறகு பேரரசரும் அரசவையும் டோக்கியோவுக்குப் போய்விட்டார்கள். கியோட்டோவின் பட்டு வேலைக்காரர்களுக்கு அரசவைதான் பெரிய வாடிக்கை. அது போனதும் நகரமே திகைத்து நின்றது. கியோட்டோவின் நெசவுப் பகுதியான நிஷிஜினின் நெசவாளர்கள் மூன்று பேரை 1872இல் பிரான்சின் லியோன் நகருக்கு அனுப்பி, துளையட்டை வைத்து வேலைப்பாடு நெய்யும் ஜக்கார்டு தறியைக் கற்றுவரச் சொன்னார்கள். தறி வந்தது, ஆனால் அந்த மூவரில் ஒருவர் திரும்பும் வழியில் கப்பல் விபத்தில் இறந்துபோனார். இன்னொரு பக்கம், ஹிரோஸே ஜிசுகே என்பவர் செயற்கைச் சாயத்தைப் பசையிலேயே கலந்து ஸ்டென்சில் வழியாகப் பட்டில் ஏற்றும் முறையை 1870களின் கடைசியில் கண்டுபிடித்தார். கையால் வரைந்த ஒரு கிமோனோ எடுக்கும் நேரத்தில் இப்போது பல கிமோனோ. யூஸென் நடுத்தர வீடுகளுக்கும் எட்டியது.

வேகமாக அச்சிட ஆரம்பித்தால் புது மாதிரிக்குப் பசி வந்துவிடும். போன வருஷத்து அலையை இந்த வருஷம் விற்க முடியாது. சிஸோ, தகாஷிமாயா மாதிரிப் பெரிய கடைகள் ஓவியர்களை அமர்த்தி டிசைன் வரையச் சொன்னார்கள். பதிப்பாளர்கள் அதைப் புத்தகமாகவும் மாத இதழாகவும் கொண்டுவந்தார்கள். அவர்களில் முக்கியமானது 1891இல் கியோட்டோவில் தொடங்கிய உன்சோடோ. இன்றும் இயங்குகிறது, பழைய கட்டைகளை வைத்திருக்கிறது, அவற்றிலிருந்து கையால் அச்சிடவும் செய்கிறது.

செக்கா 1901இல் கிளாஸ்கோ கண்காட்சிக்குப் போய் ஐரோப்பிய டிசைனை நேரில் பார்த்துவிட்டு வந்தார். ஜப்பானிய அச்சுகளைப் பார்த்து ஐரோப்பியர்கள் கொடியும் தண்டுமாக வளைத்துக்கொண்டிருந்த காலம் அது. அவர் அதைப் பின்பற்றவில்லை. திரும்பி வந்து பழைய கோரினுக்கே போனார். அவருடைய 'மொமொயோகுஸா' (1909–10) மூன்று தொகுதியில் 60 படங்கள். ஒரு படத்தில் ஒரு நாய்க்குட்டி நத்தையைக் குனிந்து பார்க்கும். இன்னொன்றில் மூங்கில் இலையின்மேல் பனி குவிந்து கனக்கும். பக்கத்தைத் திருப்பியதும் சட்டென்று முகத்துக்கு நேராக ஒரு தங்கமீன். துணி டிசைன் பற்றி அந்தப் புத்தகம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் எதை விடுவது என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல புத்தகம் எனக்குத் தெரியாது.

கேள்வி (ஸ்டென்சில் வெட்டிப் பழகும் வாசகி): ஜப்பானியக் காகித ஸ்டென்சில் கிழியாமல் எப்படி நிற்கிறது?

இசே பகுதி, இப்போதைய மியே மாகாணத்தில் சுசுகா நகரம். அங்கே ஷிரோகோ, ஜிகே என்ற இரண்டு ஊர்கள் இதற்குப் பேர் போனவை. முசுக்கட்டை வகை மரத்தின் நாரில் செய்த காகிதம் மூன்றை, இழை குறுக்கும் நெடுக்குமாக வரும்படி, பெர்சிமன் என்ற பழமரத்துக் காயின் துவர்ப்புச் சாற்றால் ஒட்டுவார்கள். காயவைத்து, புகையறையில் வைத்துப் புகை காட்டுவார்கள். பழுப்பாகி, தண்ணீரில் நனைந்தாலும் விரியாத தாளாகிவிடும்.

வெட்டும் முறை நாலு. அரைவட்ட முனையுள்ள ஊசியைச் சுழற்றித் துளை போடுவது; கத்தியை முன்னே தள்ளித் தள்ளி வெட்டுவது; இதழ், சதுரம் என்று முனையே வடிவமாக உள்ள உளியால் ஒரே அழுத்தில் குத்துவது; அளவுகோல் வைத்துக் கத்தியை இழுத்துக் கோடு வெட்டுவது. துளை போடும் வேலையில் மிக நுணுக்கமானவற்றில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 100 துளை வரும். சுறாத்தோல் மாதிரி என்று ஒன்று இருக்கிறது, எல்லாம் புள்ளிதான், விசிறி விசிறியாக அடுக்கியது. தூரத்தில் ஒற்றை நிறத் துணி. கிட்டே போனால்தான் புள்ளிகள் எழும்.

நீளக் கோடுகள் வெட்டினால் காகிதம் ஆடும் இல்லையா, அதற்குத் தாளை இரண்டு அடுக்காகப் பிரித்து நடுவில் பட்டு நூலைப் பரப்பி மறுபடி ஒட்டுவார்கள். சாயப்பசை நூலைச் சுற்றி இறங்கிவிடும். துணியில் நூலின் தடம் தெரியாது. இந்தக் கலைஞர்களில் ஆறு பேரை ஜப்பான் அரசு 1955இல் தேசத்தின் வாழும் பொக்கிஷங்களாக அங்கீகரித்தது. உங்களுக்கு ஒரு யோசனை: ஒரே தாளை வெட்டாமல் சிலவற்றை அடுக்கி வெட்டிப் பாருங்கள். அங்கே அப்படித்தான் செய்கிறார்கள். கத்தி நேராக இறங்குகிறதா சாய்கிறதா என்று அடித்தாள் காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: பெரிய அலையை வரைந்த ஹொகுஸாய் துணிக்கு வரைந்ததுண்டா?

உண்டு. 1824இல் சிறு வேலைப்பாடுகளுக்கென்றே 'ஷிங்கதா கொமோன்சோ' என்ற மாதிரிப் புத்தகம் வெளியிட்டார். 'பெரிய அலை' என்ற அவருடைய புகழ்பெற்ற அச்சுப்படத்துக்குச் சில வருஷம் முந்தியது. அதற்கும் முன்னால், 1812இல், எந்த உருவத்தையும் வட்டத்தாலும் சதுரத்தாலும் கட்டிவிடலாம் என்று காட்டும் பயிற்சிப் புத்தகம் ஒன்றும் போட்டார். துணி டிசைன் படிப்பவர்கள் அந்தப் பயிற்சிப் புத்தகத்தை முதலில் பார்ப்பது நல்லது.

கேள்வி: சோழமண்டலக் கரையின் துணிகளும் ஜப்பானுக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. டச்சு வணிகக் கப்பல்கள் இந்தியப் பருத்தித் துணிகளை, பூக்கொடி அச்சிட்டவற்றையும் கோடு போட்டவற்றையும், நாகசாகியில் கொண்டுபோய் இறக்கின. ஜப்பானியர்கள் பூக்கொடித் துணியை 'சரஸா' என்றார்கள். தேநீர்ப் பாத்திரங்களுக்கு உறை தைக்கச் சின்னத் துண்டுகூடப் போற்றி வைத்தார்கள். 1778இல் அந்த வேலைப்பாடுகளையும் செய்முறையையும் தொகுத்து மரக்கட்டையில் ஒரு கையேடே அச்சானது. பிறகு அங்கேயே சரஸா செய்ய ஆரம்பித்தார்கள், பெரும்பாலும் ஸ்டென்சில் வைத்து.

கேள்வி (சிறிய அளவில் துணி அச்சு வேலை செய்பவர்): இந்தப் பக்கங்களை எடுத்து அப்படியே துணியில் அச்சிட்டு விற்கலாமா? சட்டச் சிக்கல் வருமா?

ஜப்பானில் காப்புரிமை, படைத்தவர் இறந்து 70 வருஷம் வரை. 2018 கடைசி வரை அது 50ஆக இருந்தது. செக்கா 1942இல் போய்விட்டார், மோரி யூஸான் 1917இல், ஃபுருயா கோரின் 1910இல். மூன்று பேரின் படைப்புகளும் பொதுச் சொத்தாகிவிட்டன. ஆனால் நீங்கள் படத்தை எடுக்கும் நூலகமோ அருங்காட்சியகமோ தன் புகைப்படத்துக்குத் தனி நிபந்தனை வைத்திருக்கலாம். அதைப் படித்துவிட்டு எடுங்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், காப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களை 2017 முதல் எவரும் எதற்கும் எடுத்துக்கொள்ளத் திறந்து வைத்திருக்கிறது. யார் வரைந்தது என்று பேரைச் சொல்லி விற்றால் நான் சந்தோஷப்படுவேன்.

ஆனால் 'அப்படியே' என்றீர்களே, அங்கேதான் எனக்கு ஆட்சேபம். புத்தகப் பக்கம் தானாக ரிபீட் ஆகாது. பக்கத்தை வரிசையாக ஒட்டினால் ஒட்டிய இடமெல்லாம் கோடாகத் தெரியும், கண் அந்தக் கோட்டைத்தான் முதலில் பிடிக்கும். பக்கத்திலிருந்து ஒன்றிரண்டு உருவங்களைப் பிரித்து எடுங்கள். அடுத்த வரிசையைப் பாதி இறக்கி வையுங்கள். சேரும் இடத்தில் ஒரு தண்டோ இலையோ ஒன்றிலிருந்து மற்றதுக்குள் நீளட்டும். கிமோனோத் துணியின் அகலம் 36 முதல் 38 சென்டிமீட்டர், நீளம் 12 மீட்டர் சுமார். அந்தக் குறுகிய அகலத்துக்காக யோசித்த அளவை இன்றைய அகலத் துணியில் போட்டால் பூக்கள் பொடிப்பொடியாகச் சிதறிக் கிடக்கும். ஒரு பகுதியை நிஜ அளவில் காகிதத்தில் எடுத்துச் சுவரில் ஒட்டி, தள்ளி நின்று பார்த்து அளவை முடிவு செய்யுங்கள்.

கிமோனோவுக்குத் தோளில் தையல் கிடையாது. ஒரே துணி முன்பக்கமிருந்து தோள்மேல் ஏறி முதுகில் இறங்கும். அப்படியானால் முன்னால் நிமிர்ந்து நிற்கும் மூங்கில் பின்னால் தலைகீழாகிவிடும். அதனால் உடல் முழுக்க வரும் சிறு வேலைப்பாடுகளில், பாதி உருவங்களை மேல்நோக்கியும் பாதியைக் கீழ்நோக்கியும் கலந்து வைத்தார்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் கொஞ்சம் நேராக, கொஞ்சம் தலைகீழாக. இன்றைக்கும் துப்பட்டா, மேஜை விரிப்பு, திரைச்சீலை என்று எதற்கு அச்சிடுகிறீர்களோ, அது எப்படித் தொங்கும், எப்படி மடியும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். திரைச்சீலைக்கு மூங்கில் சரி, அதற்கு மேலும் கீழும் மாறாது. துப்பட்டாவுக்கு உதிர்ந்த செர்ரி இதழ், சுறாத்தோல் புள்ளி, சணல் இலைக் கட்டம் மாதிரி திசை இல்லாதவையாகப் பாருங்கள். இரண்டு நிறத்தில் ஆரம்பியுங்கள். மூன்றாவது நிறம் தேவையா என்பது முதல் மீட்டர் துணி காய்ந்ததும் தெரிந்துவிடும்.